இருபத்தெட்டு நிமிடம்

லாபிஸ் பட்டணத்தில், நாலு நம்பர் கடைக்குப் பக்கத்தில்,
காசு போட்டால் துவைக்கும் கடை.
ஒரு சுற்றுக்கு இருபத்தெட்டு நிமிடம்.
அதற்குள் கைப்பேசி விளையாட்டில் மூன்று முறை சாகலாம்,
அல்லது ஒரு நாடு எப்படிக் கெட்டதென்று
முதல் அத்தியாயம் வாசிக்கலாம்.

சோப்புத்தூள் பெட்டியின் மேல் பதினொரு புத்தகம் வைத்தேன்.
முதலாளி லிம் அட்டைகளைப் புரட்டி
"எல்லாம் கறுப்பா இருக்கே, சமையல் புக்கு இல்லையா?" என்றார்.

தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பழுப்பாய் வரும் வாரங்களில்
பிள்ளைகள் அரிசிச் சாக்கில் துணி கொண்டுவருவார்கள்:
பள்ளிச் சீருடை, அண்ணனின் ஆலைச் சட்டை,
எத்தனை சுற்றுக்கும் போகாத செம்பனை எண்ணெய்.
கேட்டால் மட்டும் சொல்வேன்.

ஹேமரூபிணி, நீ எதையும் பாதியில் விடுகிறவள்.
மழையை அட்டைக்கு அளந்து கொடுக்கும் ஊர்க் கதையை எடு,
நூற்றுப் பத்துப் பக்கம்தான்.
ஷர்வின், உனக்குச் சண்டை வேண்டும். இதில் இருக்கிறது.
ஆனால் ஜெயிக்கிறவனைக் கடைசியில் உனக்குப் பிடிக்காது.
அதற்காகத்தான் தருகிறேன்.
காதல் உண்டா என்று கேட்ட இரட்டையருக்கு:
உண்டு. ஆனால் கடிதத்தை அரசாங்கம் முதலில் வாசிக்கும்.
"எங்கம்மா மாதிரி," இருவரும் ஒரே மூச்சில்.

லோகேந்திரன் எதுவும் கேட்கவில்லை. படிவம் மூன்று.
டிரையர் கண்ணாடியில் முதுகு சாய்த்து வாசிப்பான், சூட்டுக்கு.
அவனுக்கு நானாகவே கொடுத்தது
விடியுமுன் சங்கு ஊதும் நகரம்.
வரிசையில் நின்று எண்ணப்படும் ஜனம்.
வாயிலில் தடுப்புக்கட்டை. வீடு யாருக்கும் சொந்தமில்லை,
வேலை நின்றால் சாவியைத் திருப்ப வேண்டும்.
பின்னட்டையில் பெரிய எழுத்து: நடுங்க வைக்கும் கற்பனை.

மூன்றாம் வாரம் திருப்பித் தந்தான்.
"பயமா இருந்துச்சா?"
"இல்லலா. எழுதுனவங்களுக்குத் தெரியல."

பென்சிலால் திருத்தியிருந்தான், கணக்கு நோட்டைப்போல.
வரிசையை மூன்று பக்கம் வர்ணித்த இடத்தில்:
ஒரு சொல் போதும். பெரட்டு.
காவலாளிக்கு யார் பெயரும் தெரியாது என்ற வரியில்:
எல்லார் பேரும் தெரியும். அதான் பயம்.
மக்கள் சங்கை வெறுத்தார்கள் என்ற வரியில்:
சங்கு ஊதாத அன்னிக்குத்தான் அம்மா அழுதாங்க.
நாயகி இரவில் வேலி தாண்டுகிறாள். ஓரத்தில்:
நாய்?
கேள்விக்குறி தாளைக் கிழித்திருந்தது.
கடைசிப் பக்கம். அவள் நடக்கிறாள், சூரியன் உதிக்கிறது.
போய் எங்க தங்குனா? வாடகை எவ்ளோ?

எனக்குப் பத்தொன்பது. பல்கலைக்கழகம் பதில் போடவில்லை.
பட்டணத்தில் பிறந்தவள், சங்கைத் தூக்கத்துக்குள் கேட்டவள்,
பிறகு புரண்டு படுத்தவள்.
புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு
ஒரு சுற்று முழுவதும் நின்றேன்.

அடுத்த வாரம் புகைமூட்டம். பள்ளிக்கூடம் இரண்டு நாள் மூடல்.
சூரியன் ஐம்பது காசுபோல் மஞ்சளாய், எந்த இயந்திரத்திலும் போடலாம்.
எதிர்க்கடைப் பலகை இல்லாமல் போனது.
ஷர்வின் முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டான்:
"அக்கா, உலகம் அழியுற மாதிரி புதுசா ஏதாச்சும்?"
நான் வெளியே பார்த்தேன். அவனும் பார்த்தான்.
சிரித்தோம், பாதி இருமல்.

இப்போது அந்த ஒரு புத்தகத்துக்குத்தான் வரிசை,
அச்சுக்கு இல்லை, பென்சிலுக்கு.
ஹேமரூபிணி முழுசாய் முடித்துவிட்டாள்.
நேற்று கடை சாத்துமுன் புரட்டினேன்.
வாடகைக் கேள்விக்குக் கீழே, நீல மையில், யார் கையோ:
முந்நூற்றைம்பது. தண்ணி, கரண்ட் தனி.
சிகாமட்டுல எங்க அத்தைக்குப் பக்கத்து ரூம்பு காலி.
வேலி தாண்டும் பக்கத்தில், கிழிந்த இடத்தைச் சுற்றி,
இன்னொரு கை, குண்டு குண்டாய்:
ரொட்டி கொண்டு போ. காயா தடவி.
அந்த நாய எனக்குத் தெரியும்.